கொழுந்துக் கணக்குச் செயலி: கட்டித் தரும் தளத்திலேயே தொடர்வதா, கோட் எடிட்டருக்கு மாறுவதா?

கேள்வி: கோத்தகிரி, கொழுந்துக் கணக்கு

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே அரவேனு பக்கம் எங்கள் குடும்பம் நீண்ட காலமாகச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை (கொழுந்தை) சேகரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பி வருகிறது. சுமார் 140 விவசாயிகளும் நான்கு எடை நிலையங்களும் உள்ளன. கணக்கு முழுவதையும் அப்பா பேரேட்டில் எழுதி வந்தார். அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் இந்த ஆண்டு முதல் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் வணிகவியல் படித்தவள். எக்செல் நன்றாகத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது.

வேலை இதுதான். எடை நிலையத்தில் மொத்த எடை, சாக்குக் கழிவு, மழை நாளில் ஈரக் கழிவு, நிகர எடை ஆகியவற்றைப் பதிய வேண்டும். விவசாயி வாங்கிய முன்பணத்தையும் உரத்தின் விலையையும் பற்றில் எழுத வேண்டும். மாதம் முடிந்து விலை தெரிந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தமிழில் கணக்குச் சிட்டை கொடுக்க வேண்டும்.

பேச்சு வழக்கில் சொன்னாலே செயலியைக் கட்டித் தரும் செயற்கை நுண்ணறிவுத் தளம் ஒன்றில் முயன்றேன். ஒரே மாலையில் செயலி உருவாகி, அப்பாவிடம் காட்டும் அளவுக்கு நன்றாகவும் இருந்தது. மறுநாள் எடை நிலையத்துக்குக் கொண்டுபோனபோது சிக்கல்கள் தெரிந்தன. நான்கில் இரண்டு நிலையங்களில் அலைபேசிச் சைகை கிடைக்காததால் பதிவு ஏறவில்லை. சைகை இருந்த இடத்தில் ஒரே பதிவு இருமுறை ஏறியது. மாதக் கூட்டுத்தொகை கால்குலேட்டர் கணக்கோடு சில காசுகள் வேறுபட்டது. சிட்டையை அச்சுக் கோப்பாக (பிடிஎஃப்) எடுத்தால் ‘கொழுந்து’ என்ற சொல்லில் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் சரிசெய்யச் சொன்னேன். ஒன்று சரியாகும்போது வேறொன்று கெட்டது, அதற்குள் அந்த மாதத்துக்கான கிரெடிட் (தளம் அனுமதிக்கும் பயன்பாட்டு அளவு) தீர்ந்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவின் உதவியோடு நாமே நிரல் எழுதும் கர்சர் போன்ற எடிட்டருக்கு மாறினால் இவையெல்லாம் தீரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நிரல் தெரியாத எனக்கு அது பொருந்துமா, அல்லது இந்தத் தளத்திலேயே பொறுமையாகத் தொடர வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இது பிறர் உழைத்த கூலியின் கணக்கு என்பதால்தான் தயங்குகிறேன்.

பதில் 1: குன்னூர், மென்பொருள் பணி

வணக்கம். நீங்கள் ஒப்பிடும் இரண்டும் நேர் எதிரானவை அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன். கிளைட், ஆப்ஷீட், பபிள் போன்ற பழைய வகைத் தளங்களில் நாம் நிரலைப் பார்ப்பதே இல்லை. அட்டவணையையும் விதிகளையும் அமைத்தால் அவர்களுடைய இயந்திரம் செயலியை ஓட்டுகிறது. பபிளில் கட்டியதை நிரலாக வெளியே எடுக்க வழியில்லை. லவபிள், போல்ட், வெர்செல் நிறுவனத்தின் வீ0 ஆகியவை வேறு வகை. நீங்கள் சொல்வதைக் கேட்டு உண்மையான நிரலையே எழுதுகின்றன, பெரும்பாலும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு, டைப்ஸ்கிரிப்ட் மொழியில். அதே நிரலைக் கிட்ஹப் என்ற இணைய நிரல் சேமிப்பகத்துக்கு அனுப்பி உங்கள் கணினியில் இறக்கிக் கர்சரிலோ விஎஸ் கோடிலோ திறக்கலாம். ஆகவே அங்கே தொடங்கி இங்கே தொடர்வது இயலும். ஆனால் நிரல் மட்டும் வந்தால் போதாது. தரவுத்தளம், உள்நுழைவு, செயலி ஓடும் சர்வர் ஆகிய மூன்றையும் அதுவரை தளம் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். எடிட்டருக்கு வந்த நாள் முதல் அவை உங்கள் பொறுப்பாகிவிடும்.

நீங்கள் சொன்ன கோளாறுகளுக்குக் காரணம் இருக்கிறது. எடிட்டருக்கு மாறுவதால் மட்டும் அவை நீங்கா, ஏனெனில் இரண்டு இடத்திலும் எழுதுவது ஒரே வகைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிதான்.

சைகையில்லாத இடத்தில் பதிவு ஏறாததற்குக் காரணம், இவ்வகைத் தளங்கள் வழக்கமாக ஒவ்வொரு பதிவையும் நேரே சர்வருக்கு அனுப்பும்படி கட்டுவதுதான். சைகை இல்லாமலும் வேலை செய்ய வேண்டுமானால், பதிவு முதலில் கைபேசிக்குள்ளேயே, உலாவியின் இண்டெக்ஸ்டு டிபி என்ற சேமிப்பில் விழ வேண்டும். சைகை வந்ததும் அங்கிருந்து போக வேண்டும். செயலியின் பக்கமே சைகையின்றித் திறக்கச் சர்வீஸ் வொர்க்கர் என்ற இன்னொரு பகுதியும் வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொன்னால் தளமும் செய்யும், எடிட்டரும் செய்யும். கட்டி முடித்த வீட்டுக்கு அடித்தளத்தை மாற்றுவதுபோல் பிறகு சொல்லும்போதுதான் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று விழுகிறது.

இரட்டைப் பதிவு அதன் தொடர்ச்சியே. சர்வரிடமிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்பவில்லையென்றால் கைபேசி மீண்டும் அனுப்புகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே தனி அடையாள எண் உருவாகி, அதே எண் மறுமுறை வந்தால் சர்வர் ஏற்காதபடி அமைத்தால் இது நின்றுவிடும்.

காசு வேறுபாட்டுக்குக் காரணம் கணினி தசம எண்ணை வைத்திருக்கும் முறை. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்றே விடை வரும். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்களாக வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதை ஒரே விதியாக எழுதிவிடுங்கள். அச்சில் எழுத்து சிதறுவதற்குக் காரணம், அச்சுக் கோப்பு உருவாக்கும் சில நிரல் தொகுப்புகளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாதது. சிட்டையைச் சாதாரண வலைப்பக்கமாகக் காட்டி, உலாவியின் அச்சுக் கட்டளையிலேயே எடுத்தால் எழுத்து ஒழுங்காக வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 140 பேரின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் இதில் இருக்கும். லவபிளில் கட்டப்பட்ட 1,645 செயலிகளை 2025-ல் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 170 செயலிகளில் தரவுத்தளம் வெளியாருக்குத் திறந்து கிடந்ததைக் கண்டார்கள். பின்னால் இருக்கும் சூப்பாபேஸ் தரவுத்தளத்தில், எந்த வரியை யார் பார்க்கலாம் என்ற விதிகள் சரியாக எழுதப்படாததே காரணம். எந்தத் தளத்தில் கட்டினாலும், உள்நுழையாமல் முகவரியைத் திறந்து பாருங்கள். ஒரு விவசாயியாக உள்நுழைந்து இன்னொருவரின் சிட்டையைத் திறக்க முயலுங்கள். நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் இவை. இவற்றில் தேறினாலும், அந்த விதிகளை விவரம் தெரிந்த ஒருவர் தரவுத்தளத்துக்குள்ளேயே சென்று பார்த்த பிறகுதான் வங்கி விவரங்களை ஏற்ற வேண்டும். பிறர் விவரங்களைக் காப்பதை 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கடமையாக வகுத்திருக்கிறது.

பதில் 2: மஞ்சூர், ஓய்வுபெற்ற கணக்கர்

அம்மா, எனக்குச் செயலி கட்டத் தெரியாது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், செயலிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பச்சைத் தேயிலையின் விலை, இலையை நிறுக்கும் நாளில் முடிவாவதில்லை. ஏலத்தில் தேயிலைத்தூள் விற்ற சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாத விலையை அறிவித்த பிறகே கணக்கு முடிகிறது. ஆகவே எடைப் பதிவில் விலை என்ற கட்டமே இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு விலை என்று தனி அட்டவணை இருக்கட்டும். சிட்டை போடும்போது இரண்டையும் சேர்த்துக் கொள்ளட்டும். சிட்டை கொடுத்த பிறகு அந்த மாதத்தைப் பூட்டிவிட வேண்டும். பின்னர் கூடுதல் விலை வந்தால் அதை அடுத்த மாதத்தில் தனி வரவாகக் காட்டுங்கள். பழைய சிட்டையின் தொகை ஒருபோதும் மாறக் கூடாது, ஏனெனில் அதன் நகல் விவசாயியின் வீட்டில் இருக்கிறது.

பேரேட்டில் நாங்கள் எதையும் அழித்ததில்லை. தவறு நேர்ந்தால் அதற்கு எதிர்ப்பதிவு போட்டு, காரணத்தை எழுதி, கையெழுத்திட்டோம். உங்கள் செயலி பதிவைத் திருத்தவும் அழிக்கவும் பொத்தான் வைத்திருந்தால் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். கழிவையும் நிகர எடைக்குள் மறைத்துவிடாமல் மொத்தம், கழிவு, நிகரம் என்று மூன்றாகவே சிட்டையில் காட்டுங்கள். இந்த மாவட்டத்தில் சிறு விவசாயியின் மனத்தாங்கல் விலைக்கு அடுத்தபடியாகக் கழிவைப் பற்றியதே.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அப்பாவின் பேரேட்டிலிருந்து ஒரு நவம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதம் என்பதால் ஈரக் கழிவு நிறைய இருக்கும். அந்த மாதத்தின் ஒவ்வொரு பதிவையும் செயலியில் ஏற்றி, சிட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பைசா வரை பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பதில் 3: பூம்பாறை, பூண்டு விவசாயிகள் குழு

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எந்த மூட்டை யாருடைய வயலிலிருந்து வந்தது என்று வாங்குவோர் கேட்பது கூடியது. அதற்காகவே பதிவு வைக்கத் தொடங்கினோம். எங்கள் படிக்கட்டு வயல்களிலும் சைகையின் நிலை உங்களுடையதே.

நாங்கள் தேர்ந்தது ஆப்ஷீட். 2020-ல் கூகுள் வாங்கிய இந்தத் தளம் கூகுள் ஷீட்டின் மேல் அமர்ந்து வேலை செய்கிறது. சைகை இல்லாதபோது பதிவுகள் கைபேசியிலேயே வரிசையில் காத்திருக்கின்றன, இன்னும் எத்தனை போகவில்லை என்பதும் திரையில் தெரிகிறது. மாலையில் ஊருக்குள் வந்ததும் அனுப்பிவிடுகிறோம். உங்களுக்கு எக்செல் தெரியும் என்பதே பெரிய பலம்: கணக்கு விதி ஷீட்டில் கண்ணெதிரே இருக்கும், தவறினால் நீங்களே திருத்தலாம். ஒரு நாளைக்கு 40 பதிவு, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தாலும் 12,000 வரிகள்தான். வரிக்குப் பத்துக் கட்டம் என்றால் 1,20,000 கட்டங்கள். ஒரு கூகுள் ஷீட் ஒரு கோடிக் கட்டங்கள் வரை தாங்கும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத் தவிர்க்க வேண்டும். தொடக்கத்தில் பதிவின் அடையாளமாக ஷீட்டின் வரி எண்ணையே வைத்தோம். ஒருநாள் யாரோ ஷீட்டில் ஒரு வரியை நீக்கியதும் அதற்குக் கீழிருந்த வரிகளின் எண்கள் மாறி, ஒருவரின் மூட்டைகள் இன்னொருவர் பெயரில் சேர்ந்துவிட்டன. காகிதச் சீட்டுகளை வைத்து மீட்க நான்கு நாள் ஆயிற்று. தனி அடையாள எண்ணை உருவாக்க அங்கேயே ஒரு சூத்திரம் உண்டு, முதல் நாளே அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு கைபேசிகள் ஒரே வரியைத் திருத்தினால் பின்னால் வந்ததே நிற்கும் என்பதையும் கவனியுங்கள். எதிர்ப்பதிவு மட்டும் போட வேண்டும் என்று மஞ்சூர் ஐயா சொன்ன முறை இந்தச் சிக்கலையும் தவிர்த்துவிடும்.

தோற்றத்தில் இது அழகான செயலி அல்ல. பொத்தான்கள் அது வைத்த இடத்தில்தான் இருக்கும். எடை நிலையத்தில் நிற்பவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பதில் 4: கூடலூர், கல்லூரி மாணவர்

அக்கா, எடிட்டர் பக்கத்திலிருந்து பேசும் ஆள் இங்கே குறைவாக இருப்பதால் எழுதுகிறேன். நான் விஎஸ் கோடிலும் கர்சரிலும் நான்கு மாதமாகப் பழகி வருகிறேன். எடிட்டரின் நன்மை, ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்பதற்கு முன் எந்த வரி நீங்குகிறது, எந்த வரி சேர்கிறது என்று காட்டுவது. ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று கெடுவதாகச் சொன்னீர்கள். அந்த வேறொன்றைத் தொடும் வரி அப்போதே கண்ணில் படும். கிட் என்ற பதிப்புச் சேமிப்புக் கருவி வழியாக ஒவ்வொரு நிலையையும் சேமித்து, கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் வாசிக்கத் தெரிந்தால்தான் இந்த நன்மை. வாசிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால், நீங்கள் இப்போது இருக்கும் தளத்துக்கும் எடிட்டருக்கும் வேறுபாடு இல்லை. சர்வர் பொறுப்பு மட்டும் கூடுதலாகத் தலையில் ஏறும். நிரலை மறந்துவிட்டு மாதிரியிடம் சொல்லிக்கொண்டே போகும் முறைக்கு ‘வைப் கோடிங்’ என்று 2025 பிப்ரவரியில் பெயர் வைத்த செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்திரே கார்பதியே, வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் வேலைகளுக்கு அது பரவாயில்லை என்ற அளவில்தான் அதைச் சொன்னார்.

எடிட்டரால் வேலை வேகமாகும் என்ற நம்பிக்கையையும் சற்று அளந்து வைக்க வேண்டும். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களிடம் 246 பணிகளைக் கொடுத்துச் சோதித்த முடிவை 2025 ஜூலையில் வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. ஆனால் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்கள் தமக்கு நன்கு பழகிய பெரிய நிரல் தொகுப்புகளில் வேலை செய்தவர்கள், நம் நிலை வேறு. இருந்தாலும், வேகமாகப் போகிறது என்ற நம் உணர்வை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம் ரெப்லிட் என்ற கட்டித் தரும் தளத்தின் ஏஜெண்ட் (தானே வேலைகளைச் செய்யும் செயற்கை நுண்ணறிவு), எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரியே வருத்தம் தெரிவித்தார். தளமாக இருந்தாலும் எடிட்டராக இருந்தாலும், உண்மையான கணக்கு இருக்கும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். சோதனைக்குத் தனி நகல் வைத்துக்கொள்ளுங்கள். நிரலை வாசிக்கக் கற்றுக்கொள்ள உங்களுக்கு விருப்பம் இருந்தால் ஆறு மாதம் ஒதுக்குங்கள்; அதுவரை கணக்கு வேறிடத்தில் ஓடட்டும்.

பதில் 5: கொடைக்கானல், விடுதி நடத்துபவர்

செலவைப் பற்றி மட்டும். நான் பார்த்தபோது கட்டித் தரும் தளங்களும் எடிட்டர்களும் மாதம் 20 முதல் 25 டாலர் அளவில்தான் தொடங்கின. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளவும் தளங்கள் நம் கிரெடிட்டையே செலவழிப்பதால், மாதக் கட்டணத்தை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது. சூப்பாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் தரவுத்தளம் நிறுத்திவைக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீசன் இல்லாத மாதத்தில் என் முன்பதிவுப் பக்கம் திறக்காமல் போனதற்குக் காரணம் அதுவாகவே இருந்தது.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மஞ்சூர் ஐயா சொன்னபடி அப்பாவின் பேரேட்டிலிருந்து சென்ற ஆண்டு நவம்பரை எடுத்து, பூம்பாறை நண்பர் காட்டிய வழியில் ஷீட்டில் ஏற்றினேன். எடை கிராமில், பணம் பைசாவில், ஒவ்வொரு வரிக்கும் தனி எண். விலை தனி அட்டவணையில் இருக்கிறது. வங்கி விவரங்களை ஏற்றவே இல்லை; அவை காகிதத்திலேயே இருக்கின்றன. சைகையில்லாத இரண்டு நிலையங்களிலும் ஆப்ஷீட்டை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், மாலையில் ஒரு பதிவும் குறையாமல், ஒன்றும் இரட்டிக்காமல் வந்து சேர்ந்தது. கட்டித் தரும் தளத்தில் செய்ததை நிறுத்திவிட்டேன். எடிட்டரை இப்போதைக்குத் தொடப் போவதில்லை. கிட்ஹப்பில் எடுத்து வைத்த அந்தப் பழைய நிரலை மட்டும் வாசித்துப் பழக வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் ஒப்பீட்டில் 140 சிட்டைகளில் 11 பொருந்தவில்லை. பதினொன்றும் ஒரே நிலையத்தைச் சேர்ந்தவை. என் சூத்திரத்தில்தான் பிழை என்று இரண்டு இரவு தேடிவிட்டு, கடைசியில் அப்பாவிடம் கேட்டேன். அந்த நிலையத்துக்குக் கூரை கிடையாது, மழையில் இலை அங்கே காத்திருக்கும்போது நனைவது விவசாயியின் குற்றமல்ல, ஆகவே அங்கு மட்டும் ஈரக் கழிவில் பாதியைத்தான் பிடித்தேன் என்றார். இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. நான் யாரிடமும் கேட்காமல் அந்தச் செயலியையே ஓட்டியிருந்தால், இந்த மழையில் அந்தப் பதினொரு வீட்டுக்கும் முழுக் கழிவு விழுந்திருக்கும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. ஈரக் கழிவைச் சதவீதமாகப் பதிந்து கணக்கிட விடுவதா, அல்லது எடையாகவே பதிவதா?

மஞ்சூர், ஓய்வுபெற்ற கணக்கர்

எடையாகவே பதியுங்கள் அம்மா. எந்தச் சதவீதம், எதற்காக என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். நாளை சதவீதம் மாறினாலும் இன்று பிடித்தது எத்தனை கிலோ என்பது மாறாமல் இருக்க வேண்டும். அந்த நிலையத்துக்கு ஒரு தகரக் கூரை போட முடியுமா என்றும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.